ஆறுதல் தொகை

2023 ஜூலை 26, புதன்கிழமை. ஆபீஸில் மீட்டிங் நடந்துகொண்டிருந்தபோது அம்மாவிடமிருந்து ஒரு வாட்ஸப் வீடியோ வந்தது. பச்சை வயலில் மஞ்சள் இயந்திரங்கள் வரிசையாக இறங்குகின்றன. அவை மண்ணை அள்ளி ஓரமாகப் போட்டுக்கொண்டே போக, பயிர் மண்ணோடு சேர்ந்து புரள்கிறது. பின்னணியில் யாரோ ஒரு பெண் கத்துகிறாள், என்ன சொல்கிறாள் என்று புரியவில்லை. இடம் வளையமாதேவி, எங்கள் சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்து ஊர். எங்கள் நிலம் எதுவும் அங்கே இல்லை. அம்மாவுக்கும் அது தெரியும். ஆனாலும் மீட்டிங் முடிந்து நான் கூப்பிட்டபோது அவள் குரல் சரியாக இல்லை.

நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். சாட்டிலைட் படத்தைத் திறந்தேன். பரவனாற்றின் நிரந்தர மாற்றுப்பாதை எங்கே போகிறது என்று பார்த்தேன். மொத்தம் 12 கிலோமீட்டர் கால்வாய், அதில் 10.5 முடிந்துவிட்டது, மீதி 1.5 தான் பாக்கி என்று என்.எல்.சி. சொல்லியிருந்தது. நிலத்தை 2006 முதல் 2013 வரை கையகப்படுத்தியாகிவிட்டது, இனிமேல் பயிர் வைக்க வேண்டாம் என்று முன்பே அறிவித்தாகிவிட்டது என்பது அவர்கள் தரப்பு. மழைக்காலத்துக்கு முன் கால்வாய் முடியாவிட்டால் வெள்ளம் சுரங்கத்துக்குள் போகும் என்பதும் பொறியியல்படி சரியான வாதம்தான். இதையெல்லாம் அம்மாவிடம் கோர்வையாக எடுத்துச் சொன்னேன். அனல் மின்நிலையம், மின்தேவை, மாநிலத்துக்கு வரும் பங்கு என்று ஒரு ஐந்து நிமிடம் பேசியிருப்பேன்.

"நான் அதக் கேக்கலடா," என்றாள் அம்மா. "பச்சப் பயிருடா அது."

எனக்குக் கோபம் வந்தது. அம்மாவின் மேல் ஏன் கோபம் என்று அன்று யோசிக்கவில்லை.

அந்த வாரமே சென்னை உயர் நீதிமன்றத்தில் வேறொரு விஷயமாக, என்.எல்.சி. ஒப்பந்தத் தொழிலாளர் போராட்டம் தொடர்பான வழக்கை விசாரித்துக்கொண்டிருந்த நீதிபதி எம். தண்டபாணி, பயிரை அழிப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்துக் கண்ணீர் வந்துவிட்டது என்று சொன்னார். அறுவடை வரை இரண்டு மாதம் பொறுத்திருக்கக் கூடாதா என்றும் கேட்டார். செய்தியைப் படித்ததும் என் முதல் எண்ணம், 'ஒரு நீதிபதி இப்படிப் பேசலாமா?' என்பது. இது சட்டப் பிரச்சினை, கண்ணீர் இங்கே எந்தப் பிரிவில் வருகிறது? அம்மாவிடம் வந்த அதே கோபம்தான் இது. அப்போதுதான் எனக்கு என் மேலேயே கொஞ்சம் சந்தேகம் வந்தது.

உளவியலில் இதற்குப் பெயர் இருக்கிறது. தாங்க முடியாத ஒரு விஷயம் எதிரில் வரும்போது அதை ஒரு கருத்தாக, ஒரு கணக்காக மாற்றிக்கொள்வது. நடந்ததை மறுப்பதில்லை. எல்லா விவரமும் கையில் இருக்கும். சொல்லப்போனால் மற்றவர்களைவிட அதிக விவரம் இருக்கும். வலி மட்டும் இருக்காது. 1894-இல் சிக்மண்ட் ஃப்ராய்ட் தற்காப்பு நரம்பு நோய்களைப் பற்றி எழுதிய கட்டுரையில் இதன் விதை இருக்கிறது. மனம் ஒரு நினைவை அழிக்க முடியாதபோது, அதோடு ஒட்டியிருக்கும் உணர்ச்சியை உரித்தெடுத்துவிடுகிறது, நினைவு பலமிழந்து வெறும் தகவலாக நிற்கிறது என்றார். அவருடைய மகள் அன்னா ஃப்ராய்ட் 1936-இல் வெளியிட்ட தற்காப்புகள் பற்றிய புத்தகத்தில் இதைப் பதின்பருவத்துப் பிள்ளைகளிடம் கண்டதாக விவரிக்கிறார். உடம்புக்குள் புயல் அடிக்கும் வயதில் பையன்கள் உட்கார்ந்து காதலையும் சுதந்திரத்தையும் பற்றித் தத்துவம் பேசுவார்கள். பேச்சு உயரமாக இருக்கும், நடத்தையில் அதன் சாயல் துளியும் இருக்காது. (இன்ஜினியரிங் ஹாஸ்டலில் நான்கு வருடம் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.)

ஆனால் இந்த விஷயத்தை ஃப்ராய்டுக்கு முன்னாலேயே, அதுவும் எங்கள் வட்டாரத்திலேயே ஒருவர் பிடித்துவிட்டார் என்பது எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் தெரிந்தது.

வள்ளலார் பிறந்த மருதூரும் அவர் சபை கட்டிய வடலூரும் எங்கள் பக்கம்தான். சேத்தியாத்தோப்பில் பஸ் ஏறி நெய்வேலி போகிறவன் வடலூர் வழியாகத்தான் போக வேண்டும். பயிர் வாடுவதைப் பார்த்துத் தானும் வாடியதாகப் பாடியவர் என்று அவரைப் பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம் செய்திருக்கிறோம். அவருடைய இருநூறாவது ஆண்டை அரசு கொண்டாடிக்கொண்டிருந்த வருடத்தில்தான் வளையமாதேவியில் இயந்திரம் இறங்கியது. அதனால் அந்த வாரம் எல்லோரும் அந்தப் பாட்டைத்தான் பகிர்ந்தார்கள். நான் சொல்லவருவது பாட்டை அல்ல, ஓர் உரைநடையை.

1867-இல் வடலூரில் தருமசாலை தொடங்கிய காலத்தில் வள்ளலார் எழுதியது 'ஜீவகாருண்ய ஒழுக்கம்'. படித்துப்பார்த்தால் பாடல்களில் உருகும் மனிதர் இவர்தானா என்று தோன்றும். வழக்கறிஞர் மாதிரி எழுதுகிறார். எதிராளியின் கேள்வியை எடுத்து வைக்கிறார், பதில் சொல்கிறார், அதிலிருந்து அடுத்த கேள்வி. அவர் முன்னால் இருந்த எதிராளிகள் கல் நெஞ்சக்காரர்கள் அல்ல, தத்துவம் படித்தவர்கள். பசித்துச் சாவதெல்லாம் முன்வினைப்படி நடக்கிறது, இதில் நாம் குறுக்கிடலாமா என்று ஒரு வாதம். இன்னொன்று அதைவிட நுட்பமானது. பசியால் துன்பப்படுவது மனமும் புலன்களும்தானே, ஆன்மாவுக்குத் துன்பமே கிடையாதே, அப்புறம் இரக்கப்பட்டு என்ன பிரயோசனம்?

இதற்கு அவர் தரும் பதிலில் ஒரு மூக்குக்கண்ணாடி வருகிறது. மனமும் மற்றக் கருவிகளும் ஆன்மாவின் பார்வைக்கு மாட்டிய கண்ணாடி மாதிரி. கண்ணாடி போட்டவர் ஒரு துக்கத்தைப் பார்த்தால் நீர் கண்ணிலிருந்துதான் வரும், கண்ணாடி அழுவதில்லை. அதனால் துன்பப்படுவது கருவிதான் என்று தள்ளிவிட முடியாது. சரி, அடுத்தவர் துன்பத்தைக் கண்டும் சிலருக்கு இரக்கம் வருவதில்லையே, ஏன்? அதற்கும் கண்ணாடிதான் பதில். அவர்களுக்கு உள்ளே பார்வையும் மங்கியிருக்கிறது, உதவிக்குப் போட்ட கண்ணாடியும் ஒளி ஊடுருவாதபடி தடித்துப்போயிருக்கிறது என்கிறார்.

பார்ப்பதற்காகப் போட்ட கருவியே பார்வையை மறைக்கும் அளவுக்குத் தடிப்பது. அன்று மதியம் நான் திறந்து வைத்திருந்த சாட்டிலைட் படத்துக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

அவர் எழுதியதைத் தத்துவச் சண்டையாக மட்டும் படித்தால் அதன் அவசரம் தெரியாது. அது பஞ்ச காலம். 1866-இன் பஞ்சம் ஒரிசாவோடு நிற்காமல் சென்னை மாகாணத்தையும் தொட்டிருந்தது. 1874-இல் வள்ளலார் மேட்டுக்குப்பத்து அறைக்குள் போனார். இரண்டே வருடத்தில் தாது வருடப் பஞ்சம் வந்தது.

அந்தப் பஞ்சத்தில்தான் நமக்கு ஒரு சுத்தமான உதாரணம் கிடைக்கிறது. 1877 தொடக்கத்தில் வைஸ்ராய் லிட்டன், பஞ்ச நிவாரணச் செலவைக் கட்டுப்படுத்த சர் ரிச்சர்ட் டெம்பிளை சென்னைக்கு அனுப்பினார். நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று டெம்பிள் நிர்ணயித்தார். ஒரு பவுண்டு என்பது 450 கிராம் சொச்சம். மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் இதை எதிர்த்தார். வேலை செய்கிற உடம்புக்கு இது போதாது, மனிதர்கள் கண்ணெதிரே கரைகிறார்கள் என்பது அவர் வாதம். டெம்பிளின் பதில்கள் நிதானமானவை, அளவுகளும் விலைகளும் நிறைந்தவை.

டெம்பிளைக் கொடூரன் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் இதே மனிதர் மூன்று வருடம் முன்பு, 1874-இல், பீகார் பஞ்சத்தில் பர்மாவிலிருந்து அரிசி இறக்கி, சாவு ஏறக்குறைய இல்லாமல் சமாளித்தவர். அதற்குக் கிடைத்தது பாராட்டு இல்லை, ஊதாரி என்ற பெயர். 1877-இல் அவர் போட்ட கணக்கை அந்த அவமானத்தோடு சேர்த்துத்தான் பார்க்கத் தோன்றுகிறது. இது என் ஊகம். ஒருமுறை மனம் இளகியதற்கு அடிவாங்கியவன் அடுத்த முறை தராசை எடுத்துக்கொள்வான்.

டெம்பிளுக்குக் கணக்கு செலவைக் காப்பாற்றியது. கார்னிஷும் கணக்குதான் போட்டார், நலிந்த உடல்களையும் சாவுகளையும் வைத்து. இரண்டும் எண்கள்தான். ஒன்று மனிதனிடமிருந்து விலகிப்போக உதவியது, மற்றது மனிதனை நெருங்க. இதை மறந்துவிட்டு எண்ணையே திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. பிழைப்பே அதில்தானே.

நெய்வேலிக்கு வருகிறேன். 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது என்பதில் கதை ஆரம்பிக்கிறது. 1940-களில் புவியியல் துறை துளையிட்டுப் பார்த்தது. 1956-இல் நிறுவனம், 1957 மே 20-இல் நேரு வந்து சுரங்கத்தைத் தொடங்கி வைத்தார், 1962-இல் சோவியத் உதவியோடு மின்சாரம். எங்கள் வீட்டில் நான் படித்தது அந்த வெளிச்சத்தில்தான் என்று வைத்துக்கொள்ளலாம். எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு டவுன்ஷிப் என்றால் ஒரு சொர்க்கம். நேரான ரோடு, மரம், பிளாக் நம்பர் போட்ட வீடுகள். அங்கே வேலை கிடைத்த குடும்பத்தில் பெண் கொடுக்கப் போட்டி. அந்தப் பெருமையைப் பொய் என்று இப்போது சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஆனால் சுரங்கத்தின் மொழியில் ஒரு சொல் இருக்கிறது. ஓவர்பர்டன். சுருக்கமாக ஓபி. நிலக்கரிக்கு மேலே இருக்கும் எல்லாமே ஓபிதான். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி கிடைப்பது சுமார் 50 முதல் 100 மீட்டர் ஆழத்தில். அதற்கு மேலே செம்மண், களிமண், மணல், வேர், வரப்பு, நெல், முந்திரி, புதைத்தவர்களின் எலும்பு. எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான், மேல்சுமை. உலகம் முழுக்கச் சுரங்கப் பொறியாளர்கள் இந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள், யாரும் கெட்ட எண்ணத்தோடு உண்டாக்கியது இல்லை. எங்கள் ஊர்ப் பையன்களும் 'ஓபி டம்ப்' என்று அந்த மண்மலைகளைச் சாதாரணமாகச் சொல்வோம். விவசாயி வீட்டுப் பிள்ளை மேல்மண்ணைச் சுமை என்று சொல்லப் பழகியது எந்த நாளில் என்று யோசித்தால் விடை கிடைப்பதில்லை.

தண்ணீர்க் கதையும் இப்படித்தான். நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிலத்தடி நீர் இருக்கிறது. அதை இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரை பிளந்துகொண்டு மேலே வரும். அதனால் இரவும் பகலும் பம்பு ஓடுகிறது. அந்தத் தண்ணீர் பரவனாற்றிலும் வாலாஜா ஏரியிலும் விழுந்து கீழே உள்ள வயல்களுக்குப் பாசனமாகிறது. சுரங்கத்தால் கிணற்று மட்டம் கீழே போனது என்று குமுறுகிற இதே வட்டாரத்தில், சுரங்கத் தண்ணீரில் நெல் விளைகிறது. யாராவது இந்த ஊரைப் பற்றி ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னால் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

இனி சட்டம். ஃப்ராய்டின் கட்டுரை வந்த அதே 1894-இல் இந்தியாவில் நிலம் கையகப்படுத்தும் சட்டம் வந்தது. தற்செயல்தான், அதில் எந்த மர்மமும் இல்லை. ஆனால் படித்தபோது உடம்பு ஒருமாதிரி ஆனது. அந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் ஓர் ஏற்பாடு உண்டு. நிலத்தின் சந்தை மதிப்பு ஒரு பக்கம். அதற்கு மேல், விருப்பம் இல்லாமல் பிடுங்கப்படுகிறது என்பதற்காகத் தனியாக 15 சதவீதம். இதற்கு சொலேஷியம் என்று பெயர். லத்தீனில் ஆறுதல் என்று அர்த்தம். தமிழில் ஆறுதல் தொகை. 1984 திருத்தத்தில் இது 30 சதவீதமானது. 2013-இன் புதிய சட்டத்தில் 100 சதவீதம்.

துக்கம் என்று ஒன்று இருப்பதை ஒப்புக்கொண்டு, அதற்கு ஒரு காலமும் ஒதுக்கி, சூத்திரமும் எழுதிவைத்த அரிய இடம் இது. காலனிய அதிகாரிகளை எவ்வளவு திட்டினாலும், அப்படி ஒரு காலம் வேண்டும் என்று எவனுக்கோ தோன்றியிருக்கிறது. நிலத்தின் விலைக்கும் நிலத்துக்கும் நடுவே ஏதோ மிச்சம் இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்ததைச் சொல்ல அவனிடம் சதவீதக் குறி மட்டும்தான் இருந்தது. மிச்சம் எழுதியாகிவிட்டதால், இனி யாரும் அதைப் பற்றிப் பேச வேண்டியதில்லை என்றும் ஆனது.

வளையமாதேவிக்கும் கடைசியில் ஓர் எண் வந்தது. அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது உயர் நீதிமன்றம். அந்த எண்ணை நான் கேலி செய்யப்போவதில்லை. வாதாடி வாங்கியது அது. அழுதுகொண்டு மட்டும் நின்றிருந்தால் அதுவும் வந்திருக்காது. சில வருடங்களுக்கு முன் எங்கள் பக்கத்தில் ஒரு கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பின்வரிசையில் நின்று பார்த்தேன். ஒரு வயதான அம்மா மைக்கைப் பிடித்து, மாமியார் நட்ட புளியமரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். குரல் உடைந்தது. மேடையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவரின் பேனா நின்றது. அடுத்து வந்த பையன், சர்வே எண், சென்ட், வழிகாட்டி மதிப்பு என்று மூச்சுவிடாமல் சொன்னான். பேனா மறுபடி ஓடியது. பின்வரிசையில் இருந்த பலரும் தாங்கள் கொண்டுவந்ததை மனசுக்குள் எண்ணாக மாற்றிக்கொண்டிருப்பதை முகத்திலேயே பார்க்க முடிந்தது.

இந்தத் தற்காப்பு உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 1964-இல் கலிஃபோர்னியாவில் ரிச்சர்ட் லாசரஸின் குழு ஓர் ஆய்வு செய்தது. ஆஸ்திரேலியப் பழங்குடிச் சடங்கு ஒன்றில் பையன்களின் உறுப்பை அறுப்பதைக் காட்டும் ஒரு படம். பார்க்கவே முடியாது. அதே படத்துக்கு வேறு வேறு பின்னணிக் குரல்களைச் சேர்த்தார்கள். ஒன்று வலியை அழுத்திச் சொல்லும். ஒன்று வலியே இல்லை, பையன்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று மறுக்கும். இன்னொன்று மானுடவியல் பேராசிரியர் மாதிரி, விலகி நின்று, சடங்கின் நுணுக்கங்களை விளக்கும். பார்ப்பவர்களின் இதயத் துடிப்பையும் தோலின் மின்கடத்தலையும் பதிவு செய்தார்கள். மறுக்கும் குரலும் பேராசிரியர் குரலும் பதற்றத்தைக் குறைத்தன. இதில் எனக்குப் பிடித்த பகுதி ஒன்று உண்டு. விமான நிறுவன அதிகாரிகளுக்கு மறுப்பு நன்றாக வேலை செய்தது, கல்லூரி மாணவர்களுக்குப் பேராசிரியர் குரல். அதாவது படித்தவனுக்குப் பொய் சொல்ல வேண்டியதில்லை. விளக்கம் கொடுத்தால் போதும்.

படத்தில் கத்தி மாறவில்லை. பையனும் மாறவில்லை.

அம்மாவின் மேல் ஏன் கோபம் என்ற கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இது. 2019-இல் அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுதானபோது நான் ஓர் எக்செல் ஃபைல் திறந்தேன். தேதி, கிரியேட்டினின், யூரியா, பொட்டாசியம், ஹீமோகுளோபின். அழகாக கிராஃப் போட்டிருந்தேன். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது லேப்டாப்பைத் திருப்பிக் காட்டுவேன். "தம்பி மெடிக்கல் ஃபீல்டா?" என்று ஒருமுறை கேட்டார், எனக்குப் பெருமையாக இருந்தது. அப்பா கட்டிலில் இருந்து, "என்னப்பா சொல்லுது உன் கணக்கு?" என்பார். கரும்பு எடை போட்டே வாழ்க்கையைக் கழித்தவர், எண்களின் மேல் மரியாதை உள்ளவர். "ஸ்டேபிளா இருக்குப்பா," என்பேன். அவர் வேறு எதையோ கேட்டார் என்று இப்போது தோன்றுகிறது. எனக்கு அப்போதே தெரியாமல் இல்லை. அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல ஆரம்பித்தால் நான் உடைந்துவிடுவேன், மருந்து வாங்க யார் போவது?

சாவு வீட்டில் எல்லாவற்றையும் நானே பார்த்தேன். வண்டி, பந்தல், சான்றிதழ், சாப்பாடு. "புள்ள எப்படி நிக்கிது பாரு, கலங்கல," என்று பெரியப்பா நாலு பேரிடம் சொன்னார். துறவை அவ்வளவு கடுமையாகப் பாடிய பட்டினத்தாரே தாய்க்குக் கொள்ளி வைக்கும்போது உடைந்து பாடினார் என்பதுதான் நம் ஊர்க் கதை. எல்லாவற்றையும் விட்டவருக்கு அது முடிந்தது. எனக்கு அன்றைக்கு முடியவில்லை, அதற்கப்புறமும் பல நாள் முடியவில்லை.

வீடியோவில் பயிர் புரண்டபோது அம்மாவுக்கு முடிந்தது. நீதிமன்றத்தில் உட்கார்ந்திருந்த ஒருவருக்கும் முடிந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அம்மாவை வண்டியில் உட்காரவைத்து வளையமாதேவிப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனேன். கால்வாயைக் காட்டி, அகலம், ஆழம் என்று ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "கொஞ்ச நேரம் சும்மா இரேன்," என்றாள். சும்மா இருந்தேன். காற்று அடித்தது. தூரத்தில் ஓபி மலை தெரிந்தது. அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தூசியா என்று நான் கேட்கவில்லை.

ராத்திரி அவள் தூங்கின பிறகு அந்த எக்செல் ஃபைலைத் தேடித் திறந்தேன். நான்கு வருடமாகத் திறக்கவே இல்லை. கிராஃப் அப்படியே இருந்தது, கலர் கூட நன்றாகத் தேர்ந்தெடுத்திருந்தேன். கடைசி வரிசையில் தேதி மட்டும் போட்டிருக்கிறேன். மற்றக் கட்டங்கள் காலி. அன்றைக்குக் காலையில் ரத்தம் எடுக்க யாரும் வரவில்லை.